பதினாறு பக்க மாமா

தூரதேசத்துப் பிள்ளையைப் படிக்க வைக்கிற மனிதரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் கவலைப்படாதீர்கள், அவரே உங்களைத் தேடிப் பிடித்துக்கொள்வார். அவர் கையில் ஒரு உறை இருக்கும். உறைக்குள் எண்ணெய் வைத்து வாரிய தலையோடு கேமராவை முறைக்கிற ஒரு குழந்தையின் படம் இருக்கும். "நல்லாயிருக்கீங்களா?" என்று நீங்கள் வாய்தவறிக் கேட்டுவிட்டால், "கணக்குல எண்பத்தொண்ணு" என்று பதில் வரும்.

உதவி செய்வது நல்ல காரியந்தான், யார் இல்லையென்றார்கள்? ஆனால் இந்த இனத்துக்கு உதவி என்பது வாசற்படி மட்டுமே. உள்ளே நுழைந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அந்தப் பிள்ளையின் வாழ்க்கையை முதலிலிருந்து சரிசெய்யத் தொடங்கினால்தான் இவர்களுக்குத் திருப்தி.

நமது சலவைக்கடைக்காரர் இந்த இனத்தில் முழு வளர்ச்சி அடைந்தவர்.

கடை சிறியதுதான். முன்னால் ஒரு மரமேசை, பின்னால் பெருமூச்சு விடுகிற நீராவி இஸ்திரி, தலைக்கு மேலே கம்பியில் வரிசையாகத் தொங்கும் கோட்டுகள். அந்தக் கோட்டுகள்தான் அவருடைய பலம். வாடிக்கையாளர் ரசீதை நீட்டுவார். கடைக்காரர் கோட்டை இறக்குவார், ஆனால் கொடுக்கமாட்டார். ஹேங்கரை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் உறையைத் திறப்பார். கடிதம் முழுவதும் வாசித்து முடிந்த பிறகுதான் கோட்டு கைமாறும். வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டிய ஒருவர், கடைக்காரர் படிக்க வைக்கிற சிறுமியின் புவியியல் தேர்வை முழுதாகக் கேட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தபோது, அங்கே வேறு ஒருவர் வேலையிலேயே சேர்ந்திருந்தார்.

"உங்க சொந்த மக காலேஜ்ல என்ன படிக்கிறா?" என்று ஒருமுறை ஒரு நர்ஸ் கேட்டுவிட்டார்.

கடைக்காரர் யோசித்தார். "ஏதோ வேதியியல். இல்ல, உயிரியல்."

"வணிகவியல்," என்று பின்கட்டிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. "மூணாவது வருஷம்."

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அவர் அந்தச் சிறுமிக்குக் கடிதம் எழுதுவார். சரியாகப் பதினாறு பக்கம். பென்சிலை எந்த மூன்று விரலால் பிடிக்க வேண்டும், ஒரு கவளத்தை ஏன் முப்பத்திரண்டு முறை மெல்ல வேண்டும், இரண்டுக்கு மேல் தோழிகள் இருந்தால் என்ன ஆபத்து, பள்ளிச் சீருடையை எப்படி மடிக்க வேண்டும் (படத்துடன்), பணி ஓய்வுக்குப் பிறகு பொழுதை எப்படிக் கழிக்க வேண்டும் என்று தலைப்பும் உட்தலைப்புமாகப் போகும். சிறுமிக்கு வயது பத்து. பதினைந்து பக்கத்தில் அறிவுரை தீர்ந்துவிடும். பதினாறாவது பக்கத்தைக் காலியாக விட மனம் வராமல், வாய்க்கு வந்ததை நாலு வரி எழுதி நிரப்புவார். இன்று மழை, துணி காயவில்லை, ஒரு பூனை வந்து சூடான சட்டைகள் மேல் படுத்துக்கொண்டது என்கிற மாதிரி. முதல் பதினைந்து பக்கங்களுக்கு நகலெடுத்துக் கோப்பில் வைத்துக்கொள்வார். கடைசிப் பக்கத்துக்கு எதற்கு நகல்?

கடிதத்தைக் கல்வி உதவிச் சங்கத்தில் கொடுத்தால், அவர்கள் சிறுமியின் மொழிக்கு மாற்றி அனுப்புவார்கள். அவளுடைய பதிலையும் அப்படியே இவருக்கு மாற்றித் தருவார்கள்.

பதில்கள் அருமையாக வந்தன. "அன்புள்ள மாமா, உங்கள் கடிதத்தை வகுப்பில் வாசித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தார். பூனை மறுபடி வந்ததா?"

எதற்குச் சிரித்தார்கள் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. நல்ல வார்த்தை கேட்டால் மனம் மலரும், மனம் மலர்ந்தால் சிரிப்பு வரும் என்று தீர்மானித்துக்கொண்டார். பூனை விஷயம் மட்டும் கவலை தந்தது. பிள்ளைக்குக் கவனம் சிதறுகிறது. மனத்தை ஒருமுகப்படுத்துவது பற்றி அந்த மாதம் மூன்று பக்கம் எழுதினார். பூனை வந்ததா என்பதைக் கடைசிப் பக்கத்தில் போகிறபோக்கில் குறிப்பிட்டார்.

நாற்பத்தொன்றிலிருந்த கணக்கு மதிப்பெண் இரண்டு வருடத்தில் எண்பத்தொன்றானது. "எல்லாம் ஒன்பதாம் பக்கத்தோட வேலை," என்று அவர் கம்பியில் தொங்கிய கோட்டுகளிடம்கூடச் சொன்னார்.

மூன்றாம் வருடம் காற்று மாறியது. இரண்டு மாதம் பதிலே இல்லை. பிறகு ஒரு துண்டுக் கடிதம் வந்தது.

"மதிப்பிற்குரிய ஐயா, முப்பத்திரண்டு முறை மெல்கிறேன். சாப்பிட்டு முடிப்பதற்குள் பள்ளி மணி அடித்துவிடுகிறது. ஒரு தோழியை விட்டுவிட்டேன். நன்றி."

மாமா எப்படி ஐயாவானார்? அன்று கடையில் அகப்பட்டிருந்தவர் அதே நர்ஸ்தான். கடிதத்தைக் கேட்டுவிட்டு, "பயந்துபோய் எழுதின மாதிரி இருக்கு," என்றார். கடைக்காரர் உடனே கோட்டைக் கொடுத்துவிட்டார். அந்தக் கடையில் ஒருவர் அவ்வளவு சீக்கிரம் கோட்டு வாங்கியது அதுவே முதல் தடவை.

அடுத்த வாரம் சங்கத்திலிருந்து அழைப்பு வந்தது. செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறை. செயலாளர் அம்மாள் ஒரு தாளை மேசைமேல் தள்ளினார். சிறுமி சங்கத்துக்கே எழுதியிருந்தாள்.

"என் மாமாவுக்கு என்ன ஆயிற்று? வேறு யாரோ அவர் பெயரில் எழுதுகிறார். மாமா நாலு வரிதான் எழுதுவார். இந்த ஐயா பதினாறு பக்கம் எழுதுகிறார். மாமா நோயாக இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதுவரை நான் பள்ளிக்குப் போகலாமா, இந்த ஐயா சொன்னதையெல்லாம் செய்யவா? இரண்டுக்கும் நேரம் போதவில்லை."

"நான்தாங்க நான்," என்றார் கடைக்காரர்.

"எங்களுக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியல. மூணு கேள்வி அனுப்பியிருக்கா. சரியா பதில் சொன்னாத்தான் நம்புவாளாம். இல்லேன்னா படிக்க வைக்க வேற ஆள் வேணுமாம்."

கேள்விகளைப் பார்த்தார். பூனை என்ன நிறம்? யாரும் கேட்டு வராத ஒற்றைக் கையுறை எங்கே தொங்குகிறது? இயந்திரம் உடைந்து கடைக்குள் வெள்ளம் வந்த அன்று அத்தை என்ன சொன்னார்?

மூன்றுக்கும் அவருக்குப் பதில் தெரியவில்லை. மெல்லுவதைப் பற்றிக் கேட்டிருந்தால் தூக்கத்திலும் சொல்லியிருப்பார்.

"பழைய மொழிபெயர்ப்பாளரம்மா கண் ஆபரேஷனுக்காக வேலையை விட்டுட்டாங்க," என்றார் செயலாளர். "புதுசா வந்த தம்பி ஒரு காற்புள்ளியைக்கூட விடாம மொழிபெயர்ப்பார். எதுக்கும் நீங்க அந்தம்மாவைப் பாருங்க."

போனார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அந்த அம்மாள், சுற்றி வளைக்காமல் சொன்னார். "உங்க முதல் கடிதத்தை முழுசாத்தான் மொழிபெயர்த்தேன். நாலு நாள் ஆச்சு. முடிச்சுட்டு அந்தப் பொண்ணோட போட்டோவைப் பார்த்தேன். அனுப்ப மனசு வரல. கடைசிப் பக்கத்தை மட்டும் அனுப்பினேன். அப்புறம் அதுவே பழக்கமாயிடுச்சு."

"ரெண்டு வருஷமாவா?"

"ரெண்டே கால்."

"மத்த பதினஞ்சு பக்கம்?"

"அலமாரியில பத்திரமா இருக்கு. எடுத்துட்டுப் போறதுன்னா ஒரு வண்டி கொண்டுவாங்க."

"இது ஏமாத்து வேலை இல்லையா?"

"நீங்க எழுதாத ஒரு வரியை நான் சேர்க்கலையே."

கடைக்காரர் எழுந்து வந்துவிட்டார். கடைக்குத் திரும்பி ஒருவர் கால்சட்டைக்கு மூன்று மடிப்பு வைத்துவிட்டார். எண்பத்தொன்று அவருடையதல்ல. ஒன்பதாம் பக்கம் அலமாரியை விட்டு வெளியே வரவேயில்லை. இரண்டே கால் வருடம் அந்தப் பிள்ளை ஆசையாக மாமா என்று கூப்பிட்டது, அவர் நகலெடுக்கத் தகுதியில்லை என்று விட்டுவைத்த ஆளை.

இரண்டு நாள் எந்த வாடிக்கையாளருக்கும் கடிதம் வாசித்துக் காட்டவில்லை. மூன்றாம் நாள் மனைவியிடம் மெதுவாகக் கேட்டார். "நம்ம கடைக்கு ஒரு பூனை வருமே, என்ன நிறம்?"

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "இப்ப உங்க மடியில படுத்திருக்கே, அதுவா?"

குனிந்து பார்த்தார். சாம்பல் நிறம். ஒரு காது மட்டும் வெள்ளை.

"கையுறை?"

"ஜன்னலோரம். தொலைச்சவங்க தெருவுல போனா கண்ணுல படட்டும்னு நீங்கதானே மாட்டினீங்க."

"கடைக்குள்ள வெள்ளம் வந்தப்போ நீ என்ன சொன்னே?"

"எப்படியும் தரையைக் கழுவணும்னு இருந்தேன்னு சொன்னேன்." சற்று நிறுத்தி, "அதையெல்லாமா அந்தப் பொண்ணுக்கு எழுதினீங்க?" என்று கேட்டாள். கேட்டபோது முகத்தில் ஒரு சந்தோஷம் தெரிந்தது. கடைக்காரர் அதையும் அன்றுதான் கவனித்தார்.

அன்றைக்கே உட்கார்ந்து எழுதினார். மூன்று பதில்கள் மூன்று வரியில் முடிந்துவிட்டன. நாலாவது வரிதான் அவரைப் பாடாய்ப் படுத்தியது. ஐயா வேறு, மாமா வேறு என்று சொல்லிவிட்டால் எல்லாம் சுலபமாக முடிந்துவிடும். பேனாவை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். கடைசியில் எழுதிவிட்டார்: "அந்த ஐயாவும் நான்தான். இனி அவர் எழுதமாட்டார். விட்ட தோழியைச் சேர்த்துக்கொள்."

புது மொழிபெயர்ப்பாளர் தாளை வாங்கிப் பின்பக்கம் திருப்பினார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "சார், மீதி?"

"அவ்வளவுதான் தம்பி."

"உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

மூன்று வாரத்தில் பதில் வந்தது. "அன்புள்ள மாமா, கிடைத்துவிட்டீர்கள். அந்த ஐயாமேல் கோபப்படாதீர்கள், பாவம், நல்லது நினைத்துத்தான் எழுதியிருப்பார். தோழி திரும்பிவிட்டாள். கணக்கில் அறுபத்தாறு."

அறுபத்தாறு. பதினைந்து குறைந்திருக்கிறது. அவருடைய வலதுகை தானாகப் பதினாறு தாள்களை எண்ணி எடுத்தது. நகத்தைக் கடித்துக்கொண்டு, பூனை ஒரு போலீஸ்காரரின் சீருடைமேல் படுத்து ரோமமெல்லாம் ஒட்டிய கதையை நாலு வரியில் எழுதி முடித்தார். அடுத்த தேர்வில் அது எழுபத்தேழாயிற்று. எந்தப் பக்கத்தின் வேலை என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை.

மனிதர் திருந்திவிட்டார் என்று சந்தோஷப்படுகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள். மாதம் பதினைந்து பக்கம் ஊறுகிற ஊற்று அது, திடீரென்று அடைத்தால் எங்கே போகும்? அந்தக் கடைக் கோட்டுகளின் உள்பையில் இப்போதெல்லாம் நாலாக மடித்த ஒரு தாள் இருக்கிறது. "உங்கள் முழங்கைக் கறையைக் கண்டேன். மேசைமேல் சாய்ந்து உட்காருகிறீர்கள். இதனால் விளையும் தீமைகள் ஏழு..." வேலை கிடைக்காத அந்த மனிதருக்கு மட்டும் மூன்று தாள்.

சரி, உங்களிடம் வருகிறேன். இதைப் படிக்கும்போதே உங்கள் மனத்தில் ஒரு முகம் வந்து நின்றிருக்கும், மைத்துனரோ மேலதிகாரியோ யாரோ ஒருவர். இதை அவருக்கு அனுப்பிவைத்தால் புத்தி வருமே என்று தோன்றியிருக்கும். வெறுமனே அனுப்பினால் அவருக்குப் புரியாது, கூடவே நம் கையால் ஒரு சின்னக் குறிப்பு வைத்தால் நல்லது என்றும் தோன்றியிருக்கும்.

அந்தக் குறிப்பு எத்தனை பக்கம்?