நூற்றுப் பதினான்கு நாள் சிவப்பு

டாஷ்போர்டு ஆசாமி என்றொரு இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம்; ஏர்கோன் எங்கே ஓடுகிறதோ அங்கே கிடைப்பார். ஜன்னலுக்கு வெளியே மழை கொட்டுவதை விட்டுவிட்டுத் திரையில் மழை அளவைத் தேடுவார், வட்டப்படம் போடுவார், கம்பிப்படம் போடுவார், பச்சை மஞ்சள் சிவப்பு பூசுவார், பூசிவிட்டுத் தள்ளி நின்று ரசிப்பார், யாராவது கேள்வி கேட்டால் "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது" என்று கதவைச் சாத்துவார். பிழையா? அவரிடம் கிடையாது. அப்டேட்தான் உண்டு.

எங்கள் கோல சிலாங்கூர் பக்கத்தில், பாமாயிலுக்குக் குலை வெட்டும் செம்பனைத் தோட்டத்தில் அவர் பெயர் சசிகுமார். ரவாங்கிலிருந்து தினமும் காரில் வருகிறார். ஒவ்வொரு பிளாக்கிலும் குலை வெட்டி எத்தனை நாளாயிற்று என்று காட்டும் கட்டம் அவருடைய பெருமை. இன்றைய தேதியிலிருந்து வெட்டிய தேதியைக் கழித்தால் விடை. பதினைந்து நாளைத் தாண்டினால் சிவப்பு. சில கட்டங்களில் விடைக்கு முன்னால் மைனஸ் வந்தது. மைனஸ் பார்க்க அழகாயில்லை என்று ஒரு சூத்திரம் போட்டு அதை மட்டும் துடைத்துவிட்டார். ஏன் வந்தது என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அவர் இந்த இனமே அல்ல.

மே பதினான்காம் தேதி ஏழாம் பிளாக் சிவந்தது. 114 நாள். மேனேஜர் படத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்க்கவில்லை. அந்தப் பிளாக்கில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோர் ரெங்கசாமியை, இருபது வருஷ மண்டோரை, சாதாரண ஆளாக இறக்கக் கடிதம் தயாரானது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

ரெங்கசாமி ஆபீசுக்கு வந்தார். ஒன்பதாம் தேதிதான் வெட்டினோம், வெட்டிய மட்டைகூட இன்னும் காயவில்லை, வந்து பாருங்கள் என்றார். சசிகுமார் எழுந்திருக்கவில்லை. கண் ஏமாற்றும், டேட்டா ஏமாற்றாது என்று மேனேஜருக்கும் சேர்த்தே விளக்கினார்.

ரெங்கசாமி தலையைச் சொறிந்தார். "சரி தம்பி, நாங்க என்னைக்கு வெட்டுனோம்னு உங்க பெட்டி சொல்லுது?"

சசிகுமார் தட்டிப் பார்த்தார். "செப்டம்பர் அஞ்சு."

"போன வருசமா?"

"இல்லண்ணே, இந்த வருசம்தான்."

"இன்னும் மே மாசமே முடியல லா."

9/5 என்று நாளை முன்னால் எழுதுவது தோட்டத்து வழக்கம். பெட்டியோ மாதம்தான் முன்னால் வரும் என்று படித்திருக்கிறது. வெட்டி ஐந்து நாள் ஆன குலையை, வெட்டுவதற்கு இன்னும் நூற்றுப் பதினான்கு நாள் இருக்கும் குலையாக்கி, மைனஸையும் துடைத்துவிட்டால் யாருக்குத்தான் தெரியும்?

மேனேஜர் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். சசிகுமார் மன்னிப்புக் கேட்டாரா? தேதியைக்கூடத் திருத்தவில்லை. அந்தக் கட்டத்துக்கு "முன்கூட்டிய அறுவடை" என்று புதுத் தலைப்பு வைத்து, பச்சை பூசிவிட்டார்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். மே பதினான்கிலிருந்து செப்டம்பர் ஐந்து வரை நூற்றுப் பதினான்கு நாள்தானா என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தீர்களா? இல்லை. அச்சில் இருக்கிறதே, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டீர்கள். நல்லது. உங்களிடமும் ஒரு தோட்டத்தை ஒப்படைக்கலாம். மண்டோர்கள் மட்டும் ஜாக்கிரதையாக இருந்துகொள்ளட்டும்.