கன்னியம்மா வைத்த சூப்பு

டீப் ஃப்ரீசரின் மூடியைத் தூக்கியதும் கன்னியம்மாவுக்கு நேற்றைய கோபம் புதுசாகக் கிளம்பி வந்தது. வேகவைத்த கோழி பெரிய பெரிய தட்டுகளில் உறைந்து கிடந்தது. ஒரு துண்டுகூடக் குறையவில்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில், கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் அடிக்கிற அந்தக் கம்பெனியில், புதன்கிழமை என்றால் கோழி. புதன்கிழமை யாரும் லீவு போடமாட்டார்கள். சொந்தத் தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றாலும் வியாழக்கிழமை வரச் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட புதன்கிழமை, நேற்று, முதல் ஷிஃப்ட் ஆட்கள் அத்தனை பேரும் கேன்டீனுக்குள் வந்தார்கள். மேசையில் உட்கார்ந்தார்கள். தட்டை மட்டும் தொடவில்லை. சாப்பாட்டு நேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள்.

குழம்பு சாக்கடைக்குப் போனது. அடுத்த பந்திக்கென்று மஞ்சளும் உப்பும் போட்டு வேகவைத்திருந்த கோழி மட்டும் மிச்சம்.

உப்பு இல்லை என்று யாராவது கத்தியிருந்தால் அவளுக்கு ஆறியிருக்கும். கத்துகிறவனுக்கு அவளிடம் பதில் உண்டு. பேசாமல் சுவரைப் பார்க்கிறவனை என்ன செய்வது? அந்த மௌனம் ராத்திரி முழுக்க அவள் நெஞ்சில் முள்ளாக நின்றது.

காரணத்தைச் சொன்னவர் அட்மின் மேனேஜர் ஆதிநாராயணன்தான். “உன் சாப்பாட்ட வாயில வைக்க முடியலையாம்மா. அதான் சாப்பிட மாட்டேங்கறாங்க. நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

இந்தக் கம்பெனி தொடங்கிய நாளிலிருந்து அடுப்பு முன்னால் நின்றவள் அவள். வேலை இன்னும் காண்டிராக்ட்தான். இங்கே வேலைக்குச் சேர்ந்தபோது குச்சி மாதிரி இருந்தவர்களெல்லாம் அவள் சோற்றில்தான் தொப்பை வைத்தார்கள். அந்தத் தொப்பைகளெல்லாம் ஒன்றுசேர்ந்து அவளுக்கு இப்படிப் பண்ணிவிட்டன.

கன்னியம்மாவுக்குக் கோபம் வந்தால் பேசமாட்டாள். பக்கத்தில் இருப்பவர்களையும் பேச விடமாட்டாள். நேற்று சாயங்காலம் கேட்டில் ஒப்படைத்திருந்த போனை வாங்கிப் பார்த்தபோது, சங்கச் செயலாளர் ரகு பலமுறை கூப்பிட்டிருந்தான். அக்கா அக்கா என்று கூடுதல் முட்டைக்கு நிற்கிற ரகு. ‘வாய் ருசிய கெடுத்துட்டன்னு போன் போட்டு வேற சொல்லணுமா’ என்று அவன் நம்பரையே தடை செய்துவிட்டாள்.

“இன்னா பாத்துக்கினே நிக்கற?” என்றாள் இப்போது, பாத்திரம் கழுவுகிற சின்னப்பொண்ணுவிடம். அவள் போன மாதம்தான் வேலைக்குச் சேர்ந்தவள்.

“இல்லக்கா, பஸ்ஸுல ஒரு பேச்சு கேட்டேன். உன்னப் பத்திதான்…”

“பஸ்ஸுல வேறயா? ஊரெல்லாம் நாறுதா என் சமையலு? பூண்டு உரி.”

சின்னப்பொண்ணு பூண்டு உரிக்க உட்கார்ந்தாள்.

ஆதிநாராயணன் கைகளைப் பின்னால் கட்டியபடி உள்ளே வந்தார். வழக்கமாக அவர் சமையலறைக்கு வருவதில்லை. திங்கட்கிழமைதான் வெள்ளைச் சட்டைக்காரர்கள் இரண்டு பேரைக் கூட்டிவந்து, டேப் வைத்து இடத்தை அளந்தார். பொங்கலிலிருந்து ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு வந்தவர்கள் என்று கன்னியம்மா அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தாள்.

“இன்னைக்கும் அவங்க சாப்பிடலன்னா உன் வேலைக்கு நான் பொறுப்பில்லம்மா,” என்றார்.

“நான் இன்னா சார் பண்ணட்டும்? ஊட்டியா வுட முடியும்?”

“மூணு மணிக்கு மீட்டிங் இருக்கு. அதுக்குள்ள ஒருத்தனாவது உன் கையால வாங்கிச் சாப்பிடட்டும். ஒருத்தன் போதும். மத்தத நான் பார்த்துக்கறேன்.”

“சாமான் தருவீங்களா?”

“சாப்பிடாதவனுக்கு எதுக்குப் புதுச் சாமான்? இருக்கறத வச்சுப் பண்ணு.”

இருந்தது நேற்றுக் கோழி. ஸ்டோர் ரூமில் துவரம்பருப்பு, மிளகு, சீரகம், காய்ந்த மிளகாய், சுருங்கிப்போன சின்ன வெங்காயம். தக்காளி இல்லை, கொத்தமல்லி இல்லை. இத்தனை இல்லைகளை வைத்து என்ன பண்ணுவது என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு பெரிய அண்டாவை எடுத்து அடுப்பில் வைத்தாள். வைத்த சத்தத்தில் சின்னப்பொண்ணு கையிலிருந்த பூண்டு உருண்டது.

சூப்பு. குடித்த மறுநிமிஷம் மூக்கிலும் கண்ணிலும் தண்ணீர் வர, தாங்களாக வந்து தட்டை நீட்ட வேண்டும். அப்போது அவள் சுவரைப் பார்ப்பாள்.

கோழியைப் பிய்த்து எலும்பைத் தனியாக ஒடித்துப் போட்டுக் கொதிக்கவிட்டாள். பருப்பைக் குழைய வேகவைத்து அதன் தண்ணீரை மட்டும் இறுத்துச் சேர்த்தாள். வெங்காயமும் பூண்டும் நசுக்கிப் போட்டாள். ஒவ்வொரு பூண்டையும் ஒரு சங்க உறுப்பினராக நினைத்து நசுக்கினாள்.

சாப்பாட்டு மணி அடித்தது. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், சுவரைப் பார்த்தார்கள். கன்னியம்மா டம்ளர்களில் சூப்பை ஊற்றித் தானே மேசை மேசையாகக் கொண்டுபோய் வைத்தாள். லோடிங்கில் வேலை பார்க்கும் ராஜமாணிக்கம், ரிட்டையர் ஆகப்போகிற மனுஷன், டம்ளரை ஒரு பார்வை பார்த்தார். மூக்கு ஒருமுறை விரிந்து சுருங்கியது. உடனே கண்ணை மூடிக்கொண்டார்.

ரகுவின் முன்னால் டம்ளரை டங்கென்று வைத்தாள். “இன்னா ரகு, வாய் வெந்துபோச்சா?”

“அக்கா, இத எடுத்துக்கினு உள்ள போயிடு,” என்றான் அவன் தணிந்த குரலில். “உனக்குப் புண்ணியமாப் போவும்.”

“அவ்ளோ கேவலமாவா கீது?”

“ஐயோ, அது இல்லக்கா. நேத்துலருந்து போன் போட்டுக்கினே இருக்கறேன், நீ எடுக்கவே—”

“எடுக்க மாட்டேன். சம்பளம் வாங்கறது சமைக்கறதுக்கு. திட்டு வாங்கறதுக்கு இல்ல.”

ரகு மேற்கொண்டு வாயெடுப்பதற்குள் ஆதிநாராயணன் வாசலில் வந்து நின்றார். ரகு கப்பென்று அடங்கிப்போனான். ஆனால் மேசைக்குக் கீழே, அவளுக்கு மட்டும் தெரிகிற மாதிரி, கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

கன்னியம்மாவுக்கு உச்சந்தலை கொதித்தது. செய்வதையும் செய்துவிட்டுக் கிண்டல் வேறு. டம்ளர்களைத் திரும்ப வாங்கி அண்டாவில் கொட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பின்னாலேயே வந்த ஆதிநாராயணன் ஒரு கரண்டி வாங்கிக் குடித்துப் பார்த்தார். “நல்லாத்தாம்மா இருக்கு. ஆனா காரம் பத்தல. காய்ச்சக்காரனுக்குக் கொடுக்கற மாதிரி இருக்கு. இவனுங்களுக்கெல்லாம் வாசனையே வயித்தப் புடிச்சு இழுக்கணும்.”

அவர் போனதும் அவள் மிளகு டப்பாவைத் திறந்தாள். கை நிறைய அள்ளினாள். ரகுவின் கட்டைவிரல் ஞாபகம் வந்தது. இன்னொரு கை அள்ளினாள்.

“யக்கா, அவங்க இன்னாத்துக்கு சாப்புடலன்னா…” என்று சின்னப்பொண்ணு மறுபடி தொடங்கினாள்.

“எனக்குத் தெரியும். நீ போய்ச் சாப்பாட்டு ஹாலுல கீற அந்தப் பெரிய ஃபேன இஸ்துகினு வா.”

சாப்பாட்டு நேரம் முடிந்து ஆட்கள் வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். எக்ஸாஸ்ட் ஓடாததால் வாசனை சமையலறையிலேயே சுற்றிக்கொண்டிருந்தது. பின்வாசலுக்கு நேர் எதிரே, புங்க மரத்தைத் தாண்டினால், பிரஸ் மெஷின்கள் ஓடுகிற ஷாப்பின் ஜன்னல்கள். கன்னியம்மா ஃபேனை அடுப்புக்குப் பின்னால் வைத்து, அதன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினாள். அதன் கால் ஆடியது.

“கெட்டியாப் புடிச்சுக்க. நான் சொல்றவரைக்கும் வுடாத. இன்னா ஆனாலும் வுடாத.”

சின்னப்பொண்ணு பயந்துபோய் ஃபேனைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இரும்புச் சட்டியில் கோழிக் கொழுப்பை உருக்கினாள் கன்னியம்மா. காய்ந்த மிளகாயைக் கிள்ளாமல் முழுசாக, ஒரு முறம். மேலே இடித்த மிளகு, சீரகம், பூண்டு. சட்டி சீறியது. கறுப்பாக ஒரு புகை எழுந்து, கொஞ்சம் யோசித்து, ஃபேன் காட்டிய வழியில் கிளம்பியது.

முதலில் ஷாப்பிலிருந்து ஒரு தும்மல் கேட்டது. அப்புறம் வரிசையாகக் கேட்டது. பிரஸ் மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன. கன்னியம்மாவுக்கு மனசு குளிர்ந்தது.

அடுத்த நிமிஷம் தீ அபாய மணி அலறியது.

அலறினால் என்ன செய்ய வேண்டும் என்று கம்பெனியில் எல்லோருக்கும் வருஷா வருஷம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வேலையை அப்படியே போட்டுவிட்டு வரிசையாக வெளியே வந்து அசெம்பிளி பாயிண்டில் நிற்க வேண்டும். தலை எண்ணி முடிக்கும்வரை நகரக் கூடாது. கம்பெனியில் நிழலுள்ள ஒரே இடம் என்பதால் அதற்கான பச்சை போர்டை அடித்திருந்தது புங்க மரத்தில். அதாவது கேன்டீனின் பின்வாசலுக்கு நேர் எதிரே.

கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டு, அத்தனை பேரும் வந்து மரத்தடியில் நின்றார்கள். புகை மெல்ல அடங்கியது. வாசனை அடங்கவில்லை. ஃபேன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

ஆதிநாராயணன் தலை எண்ணினார். ஒரு ஆள் குறைந்தது. மறுபடி எண்ணினார். மறுபடியும் ஒரு ஆள் குறைந்தது.

“யாரும் நகராதீங்க. ஒருத்தர் உள்ள மாட்டிக்கிட்டாங்க போல.”

யாரும் நகரவில்லை. இரண்டு நாளாக ஷிஃப்ட் முழுக்கக் காலி வயிற்றோடு நின்றவர்கள், மிளகும் பூண்டும் கோழிக் கொழுப்பும் முகத்தில் வந்து அறைய, ஆணி அடித்த மாதிரி நின்றார்கள். யாருடைய வயிறோ சத்தம் போட்டது.

அந்த நேரத்தில் கன்னியம்மா அண்டாவைத் தள்ளுவண்டியில் ஏற்றி, கீழ்த்தட்டில் டம்ளர்களை அடுக்கி, பின்வாசல் வழியாக உருட்டிக்கொண்டு வந்தாள். மணி அலறும்போது எதையும் கையோடு எடுத்து வரக் கூடாது என்பது விதி. அண்டாவை விட்டுவிட்டு வருவதற்கு அவள் தயாராக இல்லை.

“வேணான்றவன் வேணாம்,” என்றாள் பொதுவாக. “வேணும்ன்றவன் வாயத் தொறந்து கேளு.”

ஒருவரும் கேட்கவில்லை. அவள் மூடியைத் திறந்து ஒருமுறை கிளறினாள். அவ்வளவுதான் செய்தாள்.

ராஜமாணிக்கத்தின் கை தானாக நீண்டது. அவர் அந்தக் கையை, அது வேறு யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

“அண்ணே,” என்றான் ரகு. “அண்ணே, வேணாண்ணே. இன்னும் கொஞ்ச நேரம்தான்.”

“எனக்கு சுகர் கீதுப்பா,” என்றார் ராஜமாணிக்கம், டம்ளரை வாங்கிக்கொண்டே. ஒரு வாய் குடித்தார். தோள்பட்டை இறங்கியது. மூச்சு ஒன்று நீளமாக வெளியே வந்தது.

அந்த மூச்சில் கட்டு உடைந்தது. வெல்டிங் ஆட்கள் வந்தார்கள். பெயிண்ட் ஷாப் வந்தது. தள்ளுவண்டியைச் சுற்றி முட்டி மோதிக்கொண்டு வந்தார்கள். கன்னியம்மா ஊற்றினாள், ஊற்றிக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு முகமாக நிமிர்ந்து பார்த்து, முறைத்துவிட்டு ஊற்றினாள். கடைசியாக ரகுவும் வந்தான். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. மிளகு, என்று அவள் திருப்தியோடு நினைத்துக்கொண்டாள்.

ஆதிநாராயணன் எண்ணுவதை எப்போதோ நிறுத்தியிருந்தார். போனை உயர்த்திப் பிடித்து, டம்ளரும் கையுமாக நின்றவர்களைப் படம் எடுத்தார். பிறகு யாரையோ கூப்பிட்டு, “சார், மீட்டிங் தேவையில்ல சார். எல்லாம் முடிஞ்சுது. நம்ம திட்டப்படியே பண்ணிடலாம்,” என்றார். கன்னியம்மாவைப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு ஆபீஸ் பக்கம் வேகமாக நடந்தார்.

“இன்னும் ஒரு ஆள் குறையுதே சார்,” என்று யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பவில்லை. உள்ளே சின்னப்பொண்ணு ஃபேனைக் கட்டிப்பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

கன்னியம்மா கரண்டியை அண்டாவின் விளிம்பில் தட்டினாள். இரண்டு நாள் பேசாமல் அடக்கி வைத்திருந்தது இப்போது வெளியே வந்தது.

“இப்ப சொல்லுங்க. என் சாப்பாடு வாயில வைக்க முடியலையா? நாக்கு மேல பல்லப் போட்டு எப்படிடா சொன்னீங்க? நேத்து குழம்ப சாக்கடைல ஊத்தும்போது என் வயிறு எப்படி எரிஞ்சிருக்கும், எவனாவது நெனச்சுப் பாத்தீங்களா? சொல்லு ரகு. இன்னா கொற என் சமையல்ல?”

ரகு தரையைப் பார்த்தான். மற்றவர்கள் டம்ளருக்குள் பார்த்தார்கள். மறுபடியும் அதே மௌனம், ஆனால் இந்த முறை ஒருவர்கூடச் சுவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் ஓரக்கண்ணால் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அது அவளுக்கு என்னவோ போலிருந்தது.

ராஜமாணிக்கம்தான் காலி டம்ளரை அவள் பக்கம் நீட்டினார்.

“உன் சமையல எவம்மா கொற சொன்னான்? உன்ன நிறுத்திட்டு வெளியாளுங்க வேன்ல கொண்டாற சோத்தப் போடப் போறாங்களாம், கன்னியம்மாவ நிறுத்த மாட்டோம்னு எழுதிக் குடுத்தாத்தான் சாப்புடுவோம்னு நேத்துலருந்து வாயக் கட்டிக்கினு குந்தினு இருந்தோம்; சரி வுடு, கடைசியா இன்னொரு கரண்டி ஊத்து.”