பாதி மேசைக்கு ஒரு பத்திரம்

அரியலூரில் எழுத்து என்றால் அது தன்னுடையது என்று மிக்கேலுக்கு ஒரு நினைப்பு. அதில் பாதி நியாயமும் இருந்தது. பத்திரப் பதிவு ஆபீசுக்கு எதிரே தகரக் கொட்டகை போட்டு முப்பது வருஷமாகப் பத்திரம் எழுதுகிறவர் அவர். அண்ணன் தம்பி பாகம் பிரித்தது, மாமனார் மருமகனுக்குக் கொடுத்தது, கொடுத்த கையோடு ரத்து செய்தது எல்லாம் அவர் பேனா வழியாகத்தான் நடந்தது. கம்ப்யூட்டர் வந்து, தட்டுவதற்கு ஒரு பெண் வந்த பிறகும் வாசகம் மட்டும் மிக்கேல் சொன்னதுதான்.

அப்படிப்பட்டவரின் மனைவி விண்ணரசி ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சேலை மாற்றிக்கொண்டு வந்து, "எழுதப் போயிட்டு வரேங்க" என்றாள். மிக்கேலுக்கு மீன் குழம்பு தொண்டையில் நின்றுவிட்டது.

"எங்க?"

"பங்கு மண்டபத்துக்கு."

"கோயில்ல என்ன எழுத்து? ஞானஸ்நானப் பதிவா?"

"மனசுல இருக்கறத எழுதறதுங்க. கவுன்சிலிங் பண்ற அனிதா மேரி நடத்துது. எல்லாரும் வட்டமா உக்காந்து எழுதுவாங்க. இஷ்டமிருந்தா படிக்கலாம். பாரம் குறையுமாம். 'எழுதி ஆறுவோம்'னு பேரு வச்சிருக்கு."

"ஆறுறதுக்கு அது என்ன டீயா?"

"சூடா இருக்கறது எதுவா இருந்தாலும் ஆறித்தானே ஆகணும்."

"உனக்கு என்ன சூடு? உனக்கு நான் என்ன குறை வச்சேன்?"

விண்ணரசி செருப்பை மாட்டிக்கொண்டாள். "அதைத்தான் எழுதப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.

மிக்கேல் எப்போதுமே இப்படி எரிந்து விழுகிறவர் இல்லை. பத்திரத்துக்கு வந்த பங்காளிகளைச் சிரிக்க வைத்தே கையெழுத்து வாங்கியவர். ஆனால் அந்த ஒரு வருஷமாக அவருக்குத் தொட்டதெல்லாம் கோபம். சிமெண்டு லாரி ஹாரன் அடித்தால் கோபம். குக்கர் விசில் அடித்தால், "போதும், கேட்டுச்சு" என்று அடுப்படியைப் பார்த்துக் கத்துவார். போனில் வரும் பதிவுக் குரல் "ஒன்றை அழுத்தவும்" என்றால், "நீ யாரு என்னை அழுத்தச் சொல்ல" என்று அதனோடும் சண்டை.

காரணம் எல்லாருக்கும் தெரியும், அவரைத் தவிர. கொட்டகையில் இருந்த ஒரே மேசையை அவரோடு பங்கு போட்டுக்கொண்டு எழுதியவர் ஆண்டவர் என்கிற இன்னொரு பத்திர எழுத்தர். முப்பது வருஷமும் ஒரே மேசை, ஒரே இங்க் பாட்டில், ஒரே டீயில் ஆளுக்குப் பாதி. போன பங்குனியில் ஆண்டவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவில்லை. மிக்கேல் சுடுகாடு வரை போனார். மறுநாள் காலையில் கொட்டகையைத் திறந்து ஒரு கிரயப் பத்திரம் எழுதினார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. ஆண்டவர் இருந்த பாதியில் தன் பையை வைத்தார். அங்கே உட்காரட்டுமா என்று கேட்ட வக்கீல் குமாஸ்தாவை உண்டு இல்லை என்று பண்ணி அனுப்பினார்.

பெரம்பலூர் டாக்டர் பிரஷரைப் பார்த்துவிட்டு, "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசுங்க" என்றார். "நான் தினம் பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்று மிக்கேல் போட்ட சத்தம் வெளியே பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கும் கேட்டது.

அன்று சாயங்காலம் விண்ணரசி முகம் கழுவிய மாதிரி திரும்பி வந்தாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். மிக்கேலுக்குப் பொறுக்கவில்லை.

"என்ன எழுதுன?"

"வெளியில சொல்லக் கூடாதுங்க."

"புருஷன் வெளியா?"

"மண்டபத்துக்கு வெளியில எல்லாமே வெளிதான்."

"என்னைப் பத்தியா?"

"அதையும் சொல்லக் கூடாது."

மறுநாள் பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி குழாயடியில் அவரை நிறுத்தினாள். அவளும் மண்டபத்துக்குப் போய் வந்தவள். பிணத்தைப் பார்ப்பது போல அவரைப் பார்த்து, "உடம்பைப் பாத்துக்கங்கண்ணே" என்றாள்.

"ஏன், எனக்கென்ன?"

"ஒண்ணுமில்லண்ணே. சும்மா தோணுச்சு."

அந்த 'சும்மா' மிக்கேலைப் போட்டுக் குடைந்தது. விண்ணரசி எதை எழுதியிருப்பாள்? வேளாங்கண்ணிக்குப் போய்விட்டு அவளை விட்டுவிட்டுத் தான் மட்டும் பஸ் ஏறி, நாகப்பட்டினத்தில்தான் பக்கத்து சீட்டைப் பார்த்தாரே, அதையா? மச்சினன் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து மாப்பிள்ளை பெயரை மாற்றிச் சொன்னதையா? யோசிக்க யோசிக்க அவருக்கே தன் வில்லங்கம் நீண்டுகொண்டே போனது. ஊர் நிலத்துக்கெல்லாம் வில்லங்கம் பார்த்துக் கொடுத்தவர், தன்னுடையதை இப்போதுதான் பார்க்கிறார்.

"அடுத்த வாரம் நானும் வரேன்" என்றார்.

"வேண்டாங்க" என்றாள் விண்ணரசி. "அது எழுதத் தெரிஞ்சவங்க வர்ற இடம்."

"நான் முப்பது வருஷமா என்னத்தடி பண்ணிக்கிட்டிருக்கேன்?"

"அது எழுத்தாங்க? பேரையும் ஊரையும் மாத்தினா எல்லாத்துக்கும் ஒரே பத்திரம்."

ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு முன்னால் அவர் தயாராகி வாசலில் நின்றார். திட்டம் சுலபமானது. பின்னால் உட்காருவது. அவள் படிக்கும்போது கையும் களவுமாகப் பிடிப்பது. கூட்டத்தையே கலைத்துவிட்டு வருவது.

மண்டபத்தில் மின்விசிறிக்குக் கீழே பிளாஸ்டிக் நாற்காலிகள் வட்டமாகக் கிடந்தன. சில பெண்கள். மூன்று ஆண்கள், மூவரும் மனைவி இல்லாமல் வந்திருந்தார்கள். அதில் ஒருவர் கீழப்பழுவூர் முத்தமிழ்செல்வன், ரிட்டயரான பஸ் கண்டக்டர். நாற்காலி இருந்தும் தூணில் சாய்ந்து நின்றுகொண்டு எழுதினார். உட்கார்ந்தால் அவருக்கு எழுத வராதாம்.

அனிதா மேரி சின்ன வயசுப் பெண். "எழுதினதைப் படிக்கலாம், படிக்காமலும் இருக்கலாம். யாரும் யாரையும் திருத்தக் கூடாது. வேடிக்கை பாக்க மட்டும் இடமில்லை" என்றாள்.

"நான் சும்மா சாட்சிக்கு வந்தேம்மா" என்றார் மிக்கேல்.

"சாட்சியும் கையெழுத்துப் போடணுமே சார்" என்று அவள் தாளையும் பேனாவையும் நீட்டினாள்.

அன்றைக்கு எழுத வேண்டியது, இப்போது பக்கத்தில் இல்லாத ஒருத்தருக்கு. எல்லாத் தலைகளும் குனிந்தன. விண்ணரசி விறுவிறு என்று எழுதினாள். மிக்கேல் எட்டிப் பார்த்தார். அவள் இடது கையை வளைத்து மறைத்துக்கொண்டாள். வேறு வழியில்லாமல் அவரும் குனிந்தார். இவர்களுக்கு எழுத்து என்றால் என்னவென்று காட்டிவிட்டுப் போகலாம் என்று தோன்றியது. அவருக்குத் தெரிந்தது ஒரே ஆரம்பம்தான். அப்படியே ஆரம்பித்தார்.

படிக்கிறவர்கள் படிக்கலாம் என்றதும் முதல் ஆளாக எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அரியலூர் டவுனில் வசிக்கும் சவரிமுத்து குமாரர் மிக்கேல் ஆகிய நான், காலஞ்சென்ற ஆண்டவர் அவர்களுக்கு முழு மனதுடன் எழுதிக் கொடுக்கும் தானப் பத்திரம் என்னவென்றால், தகரக் கொட்டகையில் இருக்கும் மேசையில் வடபாதி தங்களுக்கே பாத்தியம். அதற்கு நான்கெல்லை, கிழக்கே டீக்கடை பெஞ்சு, மேற்கே வேப்பமரம், வடக்கே சாக்கடை, தெற்கே நான்."

தெற்கே நான் என்ற இடத்தில் குரல் நின்றுபோனது. அவர் தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை.

முத்தமிழ்செல்வன் தூணை விட்டு வந்து அவர் தோளில் கை வைத்தார். "அவசரமில்லை சார். எல்லாரும் ஏறினப்புறம் எடுக்கலாம்."

மிக்கேல் மறுபடி படித்தார். "மேற்படி பாதியில் நாளது வரை வேறு யாரும் அனுபவத்தில் இல்லை. என் பை மட்டும் இருக்கிறது. தாங்கள் வந்தால் அதையும் எடுத்துவிடுவேன். மேற்படி இடத்தின் பேரில் வேறு வில்லங்கம் எதுவும் இல்லை, தாங்கள் இல்லை என்பதைத் தவிர."

மிக்கேல் உட்கார்ந்து, ஒரு வருஷத்து அழுகையை அங்கேயே அழுதார். மனைவி என்ன எழுதினாள் என்று பார்க்க வந்ததே மறந்துபோனது.

அடுத்த ஞாயிறு விண்ணரசிக்கு முட்டி வலி. "நீங்க மட்டும் போயிட்டு வாங்க" என்றாள். அதற்கடுத்த வாரமும் முட்டி வலிதான். மிக்கேல் தனியாகவே போனார். பத்திர பாஷை மெதுவாகக் கழன்றது. குக்கரோடு சண்டை நின்றது. பெரம்பலூர் டாக்டர் பிரஷரை இரண்டு தரம் பார்த்துவிட்டு மெஷினைத் தட்டிப் பார்த்தார். ஒரு திங்கட்கிழமை மிக்கேல் மேசையிலிருந்த பையை எடுத்துக் காலடியில் வைத்துக்கொண்டார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பூங்காவனம் வரும் வரை.

உடையார்பாளையத்தில் ரைஸ்மில் வைத்திருப்பவர் பூங்காவனம். மனைவி உண்ணாமலைக்குப் பின்னாலேயே வந்து, கையைக் கட்டிக்கொண்டு, மீசை துடிக்க உட்கார்ந்தார்.

மிக்கேல் அவர் பக்கம் சாய்ந்து கேட்டார். "என்ன விஷயமா வந்தீங்க?"

"எம் பொண்டாட்டி என்னைப் பத்தி என்னமோ எழுதுறா சார். கேட்டா வெளியில சொல்லக் கூடாதுங்கறா. அதான் பாத்துட்டுப் போலாம்னு."

மிக்கேலுக்கு எங்கோ லேசாக அரித்தது. அடுத்த வாரம் பூங்காவனம் தனியாக வந்தார். "வூட்டம்மா வரலியா?" என்றதற்கு, "இடுப்பு வலியாம்" என்றார்.

மிக்கேல் மெதுவாகத் தூணடிக்குப் போனார். "முத்தமிழ் சார், உங்க வூட்டம்மா?"

"முதல்ல அதுதான் வந்துச்சு சார். அப்புறம் ஒத்தைத் தலைவலி வந்து நின்னுடுச்சு."

மற்ற இருவரையும் கேட்டார். ஒருவர் வீட்டில் பல் வலி. இன்னொருவர் வீட்டில் குதிகால். ஒரு ஆஸ்பத்திரியே வீட்டில் படுத்துக் கிடந்தது. அனிதா மேரி தாள்களை அடுக்குவது போலக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது.

மிக்கேல் கிளம்பிய வேகத்தில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீடு வந்தார். விண்ணரசி இரண்டு காலையும் ஸ்டூலில் நீட்டி டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முட்டி எப்படி இருக்கு?"

"நீங்க தெருமுனை திரும்பினதும் சரியாயிடுதுங்க."

"அன்னிக்கு மறைச்சு மறைச்சு என்னதான் எழுதின?"

"மிக்கேல் மிக்கேல்னு பக்கம் முழுக்க எழுதினேன். தூரத்துல இருந்து பாத்தா கட்டுரை மாதிரி இருக்கும்."

"ஏமாத்தியிருக்கீங்க. எல்லாரும் சேந்து."

விண்ணரசி டிவி சத்தத்தைக் குறைத்தாள். "டாக்டர் சொன்னாரு, கேட்டீங்களா? நான் போங்கன்னா போயிருப்பீங்களா? ஆண்டவர் அண்ணன் செத்து ஒரு வருஷம் அழாம இருந்தீங்க. ராத்திரியில பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குத்தானே கேக்கும்."

பதில் இல்லாதபோது ஆம்பிளைகள் செய்வதையே மிக்கேலும் செய்தார். "இனிமே நான் அந்தப் பக்கமே போக மாட்டேன்."

"சரிங்க" என்றாள். உடனே ஒத்துக்கொண்டது அவருக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க வீறாப்பாகவே இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு சட்டையை மாட்டினார்.

"போகலன்னீங்க?"

"பூங்காவனம் புதுசு. பாவம், தனியா முழிப்பாரு" என்றார் சுவரைப் பார்த்துக்கொண்டு.

"அதுவும் சரிதான்" என்று உள்ளறையிலிருந்து வந்த விண்ணரசி பட்டுச்சேலையில் இருந்தாள். தலையில் பூ. வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே உண்ணாமலையும் இன்னும் மூன்று பெண்களும். ஒருத்தி முகத்திலும் வலி தெரியவில்லை. விண்ணரசி ஒரே எட்டில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"எங்க கிளம்பிட்டீங்க எல்லாரும்?" என்றார் மிக்கேல்.

"பெரம்பலூருக்குப் படத்துக்குங்க. எழுதி முடிச்சு வரும்போது எங்க அஞ்சு பேருக்கும் பரோட்டா பார்சல் வாங்கிட்டு வந்துடுங்க. சால்னா தனியா."