இரவல் தலைவி

கூச்சம் நல்ல குணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். என் கூச்சத்தால் இருபத்து மூன்று பிள்ளைகளின் கூரை கைவிட்டுப் போகப் பார்த்தது. நாலாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துக் கூட்டித்தான் எழுதுகிறேன். ஆனாலும் இதை நானே சொல்லிவிடுவது நல்லது. (என் மகள் சொன்னால் இன்னும் கேவலமாகச் சொல்வாள்.)

எண்பதுகளின் தொடக்கம். காரைக்காலில் பூவத்துக்குப் பக்கத்தில், வாய்க்காலை ஒட்டி எங்கள் காலனித் தெரு. நடவுக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை வரப்பில் உட்கார வைத்துவிட்டுத்தான் வயலில் இறங்குவோம். ஒரு நாள் ராணியின் பிள்ளை வாய்க்காலில் விழுந்துவிட்டது. மூச்சுத் திணறத் திணறத் தூக்கினோம். அதற்குப் பிறகுதான் பெண்கள் சங்கமாகச் சேர்ந்தோம். கீற்றுக் கொட்டகை ஒன்று போட்டு, முறை வைத்து, ஆளுக்கொரு நாள் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டோம். தலைவி யார் என்று கேட்டதற்கு எல்லோரும் என்னைக் காட்டினார்கள். நான் தலையைக் குனிந்தேன். சம்மதம் என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த வருஷ மழையில் கொட்டகை சாய்ந்தது. அடுத்த நடவுக்குள் ஓட்டுக் கூரை வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் மறுபடியும் வரப்புக்குத்தான். பாண்டிச்சேரியில் இருந்த ஒரு தொண்டு நிறுவனத்துக்கு உதவி கேட்டு எழுதினோம். அங்கிருந்து பதில் வந்தது. அமெரிக்காவிலிருந்து ஒரு அம்மா வருகிறார், உங்கள் சனமே சங்கத்தை நடத்துகிறதா என்று நேரில் பார்ப்பார், பார்த்த பிறகுதான் உதவி.

நாலு வரிப் பேச்சு ஒன்றைப் பத்து நாள் எங்கள் எருமையிடம் பேசிப் பார்த்தேன். எருமை குறை ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வருகிற அன்று காலையில் என் கூச்சம் ஜெயித்துவிட்டது. பெரிய தெரு வாத்தியாரம்மா வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். (வாசல் பக்கம் போகிற வழக்கம் அப்போது எங்களுக்கு இல்லை.)

“அர மணி நேரம் எனக்குப் பதிலா நாக்காலியில ஒக்காந்துருங்கம்மா.”

“நா எப்புடி ஒக்கார்றது, அஞ்சல? ஒங்க சங்கத்தப் பத்தி எனக்கு ஒண்ணுந் தெரியாதே!”

“ஒங்களுக்குப் பேசத் தெரியுமே, அது போதும்மா.”

பாவம், நல்ல மனுஷி. பட்டுப் புடவை கட்டிக்கொண்டே வந்துவிட்டார்.

ஜீப்பிலிருந்து இரண்டு பெண்கள் இறங்கினார்கள். ஒருவர் எலுமிச்சை நிறம், மூக்குக் கண்ணாடி, கையில் நோட்டு. இன்னொருவர் எங்களைவிடக் கறுப்பு, சுருட்டை முடி, நல்ல உயரம். அமெரிக்கா என்றால் வெள்ளை என்பது எங்கள் முடிவு. குலவை போட்டுக்கொண்டே மாலையை எலுமிச்சை அம்மா கழுத்தில் போட்டுவிட்டோம். அவர் கையை ஆட்டி என்னவோ சொன்னார், குலவையில் கேட்கவில்லை. கறுப்பு அம்மா சிரித்துக்கொண்டே அவர் காதில் ஏதோ சொல்ல, அவர் மாலையோடு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கூட வந்த ஆளாக்கும் என்று கறுப்பு அம்மாவை எங்கள் பெண்கள் அடுப்படிக்கு அனுப்பிவிட்டார்கள். நானும் ஒரு மணையை நகர்த்திப் போட்டேன். (நிறத்தைப் பார்த்து ஆளை ஒதுக்குகிறார்கள் என்று சங்கத்தில் வாராவாரம் புலம்பியது யார் என்று கேட்காதீர்கள்.)

கொட்டகைக்குப் பின்னால் நான் டீ போட, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, புகையில் இருமிக்கொண்டே சுள்ளி ஒடித்துக் கொடுத்தார். முன்பக்கம் கேள்வி ஆரம்பித்தது. மாலைக்காரம்மா நம்மூர்த் தமிழிலேயே கேட்டார். அப்போதே எனக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

“எத்தன புள்ளைங்க வருது?”

“அது வந்து... நெறையா வருது,” என்றார் வாத்தியாரம்மா.

ராணி அடுப்படிக்கு ஓடி வந்தாள். “அக்கா, எத்தனன்னு கேக்குறாங்க!”

“இருவத்து மூணுடி! ஓடு!”

மறுபடி வந்தாள். “யாரு மொற வைக்கிறதுன்னு கேக்குறாங்க!”

“அவங்கதான்னு சொல்லித் தொலையேன்!”

கறுப்பு அம்மாவின் கண் ராணியோடு போகும், ராணியோடு வரும், பிறகு என் முகத்தில் நிற்கும். எனக்கு வேர்த்துக் கொட்டியது. அடுப்புச் சூடு என்று நினைத்துக்கொண்டேன்.

“சரிம்மா, இந்தப் புள்ளைங்கள்ல ஒண்ணோட பேரு சொல்லுங்க,” என்றார் மாலைக்காரம்மா.

வாத்தியாரம்மா பிள்ளைகளைப் பார்த்தார். பிள்ளைகள் பட்டுப் புடவையைப் பார்த்தன. அவர் எங்கள் தெருவுக்குள் காலெடுத்து வைத்ததே அன்றைக்குத்தான். ராணிக்கு ஓடி வர நேரமில்லை. அடுப்பில் டீத்தண்ணி கொதிக்க ஆரம்பித்தது.

“தலைவிக்கு ஒரு பேருகூடத் தெரியாதா? அப்ப சங்கத்த நடத்துறது யாரு?” என்று கேட்டு, நோட்டை மூடினார்.

போச்சு, கூரை போச்சு. ராணி அழுதுவிடுவாள் போல நின்றாள். வாய்க்காலில் விழுந்தெழுந்த அவள் பிள்ளை தத்தித் தத்தி வந்து என் முந்தானையைப் பிடித்தது.

எழுந்தேன். நாலு வரியில் ஒரு வரிகூட நினைவில் இல்லை.

“நாந்தாங்க தலைவி!”

அவ்வளவு சத்தமாக அதுவரை நான் எருமையைக்கூட அதட்டியதில்லை. தெருவே திரும்பிப் பார்த்தது. அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை. “ஆனா... டீ பொங்குது!” என்று சொல்லிவிட்டு மறுபடி உட்கார்ந்துகொண்டேன்.

கறுப்பு அம்மா விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு என் கையைப் பிடித்து முன்பக்கம் கூட்டிப்போனார். வாத்தியாரம்மா, “இப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு,” என்று எழுந்தார். நான் நின்றபடியே இருபத்து மூன்று பிள்ளைகளின் பேரையும் சொன்னேன், யாருக்கு எப்போது காய்ச்சல் வந்தது என்பது வரைக்கும்.

மாலைக்காரம்மா மாலையைக் கழற்றிக் கறுப்பு அம்மாவுக்குப் போட்டார். “நான் மொழி சொல்ல வந்தவ. அமெரிக்காவுலேருந்து வந்தது இவங்கதான், என்னையே கேள்வி கேக்கச் சொன்னதும் இவங்கதான். அங்க கறுப்பு சனங்க தாங்களே நடத்துற தெருச் சங்கத்துல இருக்காங்க.”

அடுப்புக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. மன்னிப்புக் கேட்டேன். கறுப்பு அம்மா பதில் சொல்ல, மற்றவர் தமிழில் சொன்னார்: “எங்க ஊர்லயும் ஒதவ வர்றவங்க எங்களத் தாண்டிப் போயி வேற யாருக்காவதுதான் கை குடுப்பாங்க. அது பழகிப்போச்சு. ஆனா நாங்களா எந்திரிச்சு நாக்காலியக் குடுக்க மாட்டோம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குச் சுள்ளென்று தைத்தது. உதவி உண்டா இல்லையா என்று சொல்லாமலே ஜீப் போய்விட்டது.

ஒரு மாதம் சோறு இறங்கவில்லை. யாரும் திட்டவில்லை, அதுதான் பெரிய கொடுமை. பிறகு கடிதம் வந்தது. கூரைக்கு உதவி உண்டு, ஆனால் கொம்யூன் ஆபீசில் (எங்கள் பக்கத்துப் பஞ்சாயத்து ஆபீஸ்) போய்ப் பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் தலைவியேதான். உறைமேல் ‘டீ போட்ட தலைவிக்கு’ என்று எழுதியிருந்தது. தபால்காரர் அதைத் தெருமுனையிலிருந்தே சத்தமாகப் படித்துக்கொண்டு வந்தார்.

நானே ஆபீசுக்குப் போனேன், ஓட்டுக் கூரை ஏறியது, அந்த நடவுக்கு வரப்பில் ஒரு பிள்ளைகூட இல்லை. என் மானம்தான் இன்னும் கரையேறவில்லை. பல வருஷம் கழித்து மகள் கல்யாணத்தில், பெண்ணின் அம்மா மேடைக்கு வரட்டும் என்றார்கள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

“என்னா அஞ்சல, டீ பொங்குதா?” என்று ஒரு குரல். மண்டபமே சிரித்தது.

கேட்டது முன்வரிசையில் உட்கார்ந்திருந்த வாத்தியாரம்மா.