வரியைப் பத்து நாள் தள்ளிவைக்க ஒரு வேண்டுகோள்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சுகம். நீயும் உன் வீட்டுக்காரியும் பிள்ளைகளும் சுகமாகவே இருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபயர் எல்லாவற்றுக்கும் முதல் தேதியிலிருந்து வரி கூடுகிறதாமே, நீ சுங்க அலுவலகத்தில் இருப்பதால் கேட்கிறேன், அதை ஒரு பத்து நாள் தள்ளிவைக்க முடியுமா? நீ அங்கே வெறும் குமாஸ்தா என்பது எனக்குத் தெரியும். ஆனால் முத்திரை உன் மேஜையில்தானே இருக்கிறது. காரணம் சொல்லாமல் கேட்டால் நீ அசைய மாட்டாய், சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். அதனால் காரணத்தையும் எழுதிவிடுகிறேன்.

உன் அத்தானின் காதைப் பற்றி உனக்குச் சொல்லத் தேவையில்லை. முப்பது வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவர். மறுமுனையில் ஆள் பேசுவதற்கு முன்னால் இழுக்கிற மூச்சை வைத்தே இன்னார் என்று சொல்லிவிடுவார். சாயங்காலமானால் அவர் எங்கள் பழைய ஸ்பீக்கர் செட்டில் வயலின் கேட்பார், நான் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடிப்பேன், கல்யாணமான நாளிலிருந்து எங்களுக்கு இதுதான் உல்லாசப் பயணம். இந்த ஆறு மாதமாக முகத்தைச் சுளித்துக்கொண்டே கேட்கிறார். “செட்டு தேய்ஞ்சுபோச்சு, மேல் ஸ்தாயியே வரமாட்டேங்குது” என்கிறார். எனக்கு வருகிறது. எதிர்வீட்டுக்காரருக்கும் வருகிறது, வந்து சொல்லிவிட்டே போனார். உன் அத்தானுக்குத்தான் வரவில்லை. இதை நான் எப்படிச் சொல்வேன்? கணக்கில் தப்புப் போட்ட பிள்ளையிடம் சொல்லிவிடலாம், கணக்கிலேயே பேர் வாங்கினவரிடம் எந்த வாயால் சொல்வது? போன வாரம் பிளக்கைப் பிடுங்கி, செட்டின்மேல் பழைய தலையணை உறையைப் போர்த்தி, “இனிமே எதுக்கு இது” என்றார். சரி, செட்டுதான் குற்றவாளி என்றால் செட்டையே மாற்றிவிடுவோம், நல்ல பெரிய ஸ்பீக்கராக, மேல் ஸ்தாயியைத் தூக்கிவைக்கிற குமிழ் உள்ளதாக வாங்கினால் அவர் காதுக்குப் பழி வராமல் காரியம் முடிந்துவிடும் என்று கிளம்பிவிட்டேன்.

கடையில் நிற்க இடமில்லை. வரிச் செய்தி எல்லோருக்கும் பாதி பாதி தெரிந்திருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற சலூன்காரர், “வரியை அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரன்தானே கட்டறான், நமக்கென்ன வந்தது” என்றார். நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் உன் அக்காவா? “இல்லப்பா, தெரு முனையில ஒருத்தர் நின்னுக்கிட்டு, உள்ள வர்ற ஒவ்வொரு தக்காளிக் கூடைக்கும் இவ்வளவுன்னு வாங்கறார்னு வச்சுக்கோ. கூடைக்காரம்மா அதைக் கைக்காசுலயா போடுவாங்க? உன் தக்காளியிலதான் ஏத்துவாங்க” என்றேன். சலூன்காரருக்கு முகம் தெளிந்துவிட்டது. எங்கிருந்தோ எனக்கு ஒரு ஸ்டூல் வந்தது, டீயும் வந்தது. பின்னால் நின்ற, என்னிடம் கணக்குப் படித்த அம்மா ஒருத்தி, “அது சரி டீச்சர், ஏற்கெனவே கடைக்குள்ள வந்துட்ட செட்டுக்குப் புது வரி கிடையாதே?” என்று கேட்டாள். நல்ல கேள்வி. நல்ல கேள்வி கேட்டவரை நான் என்றைக்கு விட்டிருக்கிறேன்? “கிடையாதும்மா. ஆனா இதை வித்த காசுலதானே இவர் அடுத்த சரக்கு எடுக்கணும்? அது விலை கூடித்தான் வரும். அதனால விவரம் தெரிஞ்ச கடைக்காரர் இதுக்கும் இப்பவே விலையை ஏத்திடுவார்.” கடைக்காரர் கல்லாவை விட்டு எழுந்து வந்து, “இன்னொரு தடவை சொல்லுங்க டீச்சர்” என்றார். சொன்னேன். நிதானமாக, பலகையில் எழுதுகிற மாதிரி சொன்னேன். அவர் பேனாவை எடுத்துக்கொண்டு விலைச் சீட்டைத் திருத்தப் போனார். அதைப் பார்த்ததும் கூட்டம் அவருக்கு முன்னால் அலமாரிக்குப் பாய்ந்தது, அரை மணியில் அலமாரி துடைத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது. கடைசி செட்டு சலூன்காரருக்கு. அதை வண்டியில் ஏற்ற ஒரு பக்கம் பிடித்தவளே நான்தான்.

அப்புறம்தான் வந்த வேலை ஞாபகம் வந்தது. கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “நீங்க வாங்கவா வந்தீங்க? பாடம் நடத்த வந்தீங்கன்னுல்ல நினைச்சேன். அடுத்த சரக்கு கப்பல்ல இருக்கு டீச்சர், கரைக்கு வர முதல் தேதி தாண்டிடும்.”

ஆக, அரசாங்கம் வரியை ஏற்றுவதற்கு முன்னாலேயே விலையை ஏற்றச் சொல்லிக்கொடுத்து, அலமாரியையும் காலி செய்தவள் உன் அக்கா. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன். “எங்க போயிட்ட?” என்றார் அத்தான். “வகுப்பெடுக்க” என்றேன். இப்போதெல்லாம் சாயங்காலம் மடியில் கையை வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் மடித்த துணியையே பிரித்து மடிக்கிறேன். அந்தக் கப்பல் பழைய வரியில் கரை சேர்ந்தால் போதும் தம்பி, அதற்கப்புறம் நீங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளுங்கள்.

உன் வீட்டுக்காரியை முதுகு நிமிர்ந்து உட்காரச் சொல். பிள்ளைகளுக்கு என் ஆசி, பெரியவனுக்கு வாய்ப்பாடும். எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள்.

உன்,
அக்கா

பின்குறிப்பு: உன் அத்தானின் கையெழுத்து அழகாக இருக்குமே என்று முகவரி எழுத உறையைக் கொடுத்தேன். ஒட்டாமல் கொடுத்துவிட்டேன். முகவரியும் எழுதி, உள்ளே இருந்ததையும் முழுக்கப் படித்துவிட்டு, சமையலறை வாசலில் வந்து நின்றார். “செட்டுல ஒரு கோளாறும் இல்ல. எனக்கு ஆறு மாசமாவே தெரியும். சொன்னா நீ தூங்கமாட்டேன்னுதான் அதும்மேல பழியைப் போட்டேன்” என்றார். நான் ஏதோ பதில் சொன்னேன், அவர் காதில் விழவில்லை. பக்கத்தில் போய் மறுபடியும் சொன்னேன். நாளைக்குக் காலையில் இரண்டு பேரும் காது டாக்டரிடம் போகிறோம். ஆகவே எனக்கு ஸ்பீக்கர் வேண்டாம், வரியைத் தள்ளிவைக்கவும் வேண்டாம். ஆனால் அத்தான், “அந்தக் காது மெஷினும் கப்பல்லதான் வருதாம், உன் தம்பியைக் கேளு” என்கிறார். அப்படியானால் மேலே ஸ்பீக்கர் என்று வருகிற இடத்திலெல்லாம் காது மெஷின் என்று திருத்திப் படித்துக்கொண்டு, ஆவன செய்யவும்.