ஏறாத குவியல்

உப்புக் குவியலில் அளவுக்காகச் செருகிய குச்சி நேற்று எவ்வளவு வெளியே தெரிந்ததோ, இன்றும் அவ்வளவே தெரிந்தது. இருசப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். குச்சி அப்படியேதான் நின்றது.

"நேத்து பூரா வாரிக் கொட்டுனேனே, அதெல்லாம் எங்க போச்சு?"

சுனாமி வந்து ஒரு வருஷம் கழிந்த சித்திரை அது. ஊர்க் கோயிலில் பத்து ராத்திரி கூத்து முடிந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பத்து ராத்திரியும் முதல் வரிசையில் உட்கார்ந்து பார்த்தவன் இருசப்பன். அந்தத் தூக்கமே இன்னும் தீரவில்லை, அதற்குள் இந்தக் கவலை.

அடுத்த வெள்ளிக்கிழமை மரக்காணம் உப்பளத்துக்கு லாரி வருகிறது. அதற்குள் குவியல் அவன் தலை உயரத்துக்கு ஏறினால்தான், வரும் காசில் மகள் செந்தமிழ் நர்சிங் சேர முடியும்.

"எவனோ ராத்திரில வந்து அள்ளிக்கினு போறான்" என்றான் வீட்டில்.

"நீங்க கொட்டுன அளவு பாத்து, அத மட்டும் அள்றானா? ரொம்ப நாணயமான திருடனா இருக்குறானே" என்றாள் மனைவி அம்சவல்லி. "மொதல்ல படுத்துத் தூங்குங்க."

கேட்டானா? நாலு ராத்திரி குவியலுக்குக் காவல் இருந்தான். ஈ காக்கைகூட வரவில்லை. ஆனால் பகலில், தூக்கக் கிறக்கத்தில், எல்லாரும் வந்தார்கள்.

காலையில் தண்ணீர் இறைக்கும் டீசல் இன்ஜினுக்கு வணக்கம் வைத்தான். பக்கத்தில் நின்ற மேஸ்திரி சிவப்பிரகாசத்துக்கு வைக்கவில்லை. பாத்தித் தண்ணீரில் வானம் விழுந்து கிடந்தது. மேகத்தை மிதித்துவிடக் கூடாதே என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து வரப்பில் நடந்தான். எதிரே கூத்து ராஜா, கிரீடமும் புஜக்கட்டையுமாக, தலையில் உப்புக் கூடையோடு வந்தார். இருசப்பன் மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டான். ஒரு கால் பாத்திக்குள் போனது.

அந்த நிலைமையிலும் அவன் மூளை ஒரு திட்டம் போட்டது. ரெண்டு மடங்கு கொட்டினால் திருடனால் தூக்க முடியாமல் போகும் அல்லவா? கண் தானாகச் சொருகும். கால் மட்டும் பழக்கத்தில் குவியல் போடும் மேட்டுக்குப் போய்க் கூடையைக் கவிழ்த்துவிட்டுத் திரும்பும். இடுப்பு விட்டுப்போக வாரினான்.

குச்சி ஒரு விரல்கூட மறையவில்லை.

ஏறியதெல்லாம் பக்கத்துக் குவியல்தான். அதே மேட்டில், பத்தடி தள்ளி, லூர்துமேரியின் குவியல். அவள் புருஷன் தனக்கோடி வண்டியிலிருந்து விழுந்து, மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறான். ஒற்றைப் பொம்பளை வாரியது இத்தனை உயரம் எப்படி வரும்? இருசப்பனுக்கு வயிறு எரிந்தது.

"அண்ணா, தண்ணி குடிங்க" என்று லூர்துமேரி சொம்பை நீட்டினாள். உப்பளத்தில் ஏது நல்ல தண்ணீர்? இத்தனை வருஷமும் அவனுக்கும் அவள் கொண்டுவரும் குடம்தான்.

"வேணாம்மா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொண்டை காய்ந்தது. ரோஷம் குறையவில்லை.

வியாழக்கிழமை மேஸ்திரியைக் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டான். உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டுவிட்டு மற்றவர்களும் மேட்டில் கூடினார்கள்.

"ஏம்பா இருசப்பா, நல்லா யோசிச்சுதான் சொல்றியா?" என்றார் சிவப்பிரகாசம் தாழ்ந்த குரலில். "லூர்துமேரியத் திருடின்னு சொல்லிட்டா அந்தப் பொண்ணு அப்புறம் இந்த அளத்துல கால் வைக்க முடியாது."

"ஆறு நாளா யோசிக்கிறத்தத் தவிர வேற வேலையே பாக்கலிங்க."

"கண்ணத் தொறந்துக்கினு சொல்லுய்யா."

"தொறந்துதான் இருக்குது!"

மேஸ்திரி பெருமூச்சு விட்டார். "லூர்துமேரி, இங்க வாம்மா. ஒன் குவியல் இன்னா இவ்ளோ ஏறிச்சுன்னு இருசப்பன் கேக்குறான்."

அவள் கூடையை இறக்கி வைத்தாள். எல்லார் முகத்தையும் பார்த்தாள். கடைசியாக இருசப்பனைப் பார்த்ததும் கண் கலங்கி, இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டாள்.

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்குறீங்களே அண்ணா! அவரு கால் ஒடிஞ்சு படுத்ததுலேர்ந்து ஒங்க கூடையெல்லாம் எங்க குவியல்ல கொட்டுறீங்க, பதிலுக்கு ஒரு சொம்பு தண்ணி குடுத்தாலும் வாங்க மாட்றீங்க, நீங்க என்னப் பாத்துட்டா நான் கூச்சப்படுவேன்னு கண்ணக்கூட மூடிக்கினுதானே கொட்டிட்டுப் போறீங்க!"