கேப்பை பிஸ்கட்டும் பெண் பார்த்த படலமும்

திண்டிவனம்,
ஞாயிறு மாலை.

அன்புள்ள ஆரோக்கியசெல்வி அக்காவுக்கு,

தம்பி ராயப்பன் தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் ஜெயமும் உன் மருமகள் அமலாவும் மாதா புண்ணியத்தில் சுகம். விழுப்புரத்தில் உன் முட்டிவலியும் மாமாவின் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். போனில் என்னைப் பேச விட்டால்தானே நீ? முழுக்கப் படித்துவிட்டு அப்புறம் திட்டு.

நீ கொண்டுவந்த திருவெண்ணெய்நல்லூர் சம்பந்தம் முறிந்துவிட்டது. முறித்தது நான்தான். அதில் எனக்கு வருத்தம் இல்லை, பெருமைதான்.

அமலா நாய்க்குப் பிஸ்கட் சுட்டு விற்கிறாள் என்றால் வாசப்படி மிதிக்க மாட்டார்கள் என்று நீ சொன்னதால்தான், "பொண்ணு சொந்தமா பேக்கரி வச்சிருக்கு" என்று அவர்களிடம் சொல்லி வைத்தேன். அக்கா, நீ அந்தப் பிஸ்கட்டைப் பார்த்ததே இல்லை. ஒலக்கூரில் மருந்தடிக்காமல் விளைந்த கேப்பையும் மல்லாட்டைக் கடலையும், பூசணிக்காய், உப்புப் போடாமல் காயவைத்த நெத்திலி. சர்க்கரை, மைதா மருந்துக்கும் கிடையாது. வாயில்லா ஜீவன் வயிற்றுக்கு ஏதும் ஆகிவிடக் கூடாதென்று அவள் மாவைச் சலிக்கிற சலிப்பு, என் கல்யாண விருந்துக்குக்கூட யாரும் சலித்திருக்க மாட்டார்கள். சென்னைக்கும் பாண்டிச்சேரிக்கும் பார்சல் போகிறது. ஆயுசெல்லாம் பஸ் ஓட்டிய என்னை இந்தத் தெருவில் யாருக்கும் தெரியாது. இப்போது "பிஸ்கட்டுக்காரப் பொண்ணோட அப்பா" என்று வணக்கம் வைக்கிறார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். காலையில் பூசை முடிந்த கையோடு வந்தார்கள். ஜெயம் கேசரியும் பஜ்ஜியும் கடையில் வாங்கி நம் வீட்டுத் தட்டில் மாற்றி வைத்திருந்தாள். எந்தப் பெண் வீட்டில்தான் அப்படி இல்லை? நானும் ஊர் வழக்கப்படி "எல்லாம் பொண்ணு கையால பண்ணதுங்க" என்றேன். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பஸ் ஸ்டாண்டு பஜ்ஜிங்க. வர்ற வழியில நாங்களே துன்னுட்டுதான் வந்தோம். மெய்யாலுமே பொண்ணு கையால பண்ணது எதுனா இருந்தா குடுங்க" என்றார்.

எனக்கு மானம் போய்விட்டது. ரோஷம் வந்தால் எனக்குக் கண்மண் தெரியாது, உனக்குத் தெரியாததா? உள்ளே போனேன். என் மகள் கையால் செய்தது நம் வீட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. டின்னோடு கொண்டுவந்து வைத்துவிட்டேன். ஜெயம் கண்ணை உருட்டினாள், நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை. மாப்பிள்ளையின் அப்பா சவுரிராயன் ஒன்றை எடுத்து, "இன்னாங்க இது, டம்பெல்ஸ் மாதிரி கீது?" என்றார். எலும்பு வடிவம் என்று சொல்ல முடியுமா? "துன்னா தெம்பு வரும்னு அப்படி ஒரு டிசைனுங்க" என்றேன். "சக்கரை இல்லையா? எனக்குன்னே பண்ண மாதிரி கீதே!" என்று அவர் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே தள்ளினார். அந்த அம்மாவும் டீயில் நனைத்துச் சாப்பிட்டு, "கைப்பக்குவம்னா இதாங்க" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை அக்கா, அவ்வளவு சந்தோஷம்.

அந்த நேரம் பார்த்துப் புடவை கட்டிக்கொண்டு அமலா வந்தாள். டின்னைப் பார்த்தாள், அவர்கள் வாயைப் பார்த்தாள். "ஐயோ அப்பா, இது நாய்க்குப் பண்ணதாச்சே!" என்று போட்டு உடைத்துவிட்டாள். அதோடு நிறுத்தினாளா? "பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது. ஒவ்வொரு தடவையும் நான் துன்னு பாத்துட்டுதான் நாய்க்கே குடுக்கிறேன். பேக்கரி எல்லாம் இல்லைங்க, இதான் என் தொழில்" என்றாள். மாப்பிள்ளைப் பையன் சித்தார்த்தன் மட்டும் சிரித்தான். அம்மா பார்த்த பார்வையில் அதையும் நிறுத்திக்கொண்டான்.

அந்த அம்மா வாயைத் துடைத்துக்கொண்டு, "நாய்க்குச் சுடுறத வுட்டுட்டு வர்றதா இருந்தா மேல பேசலாம்" என்றார். அமலா என்னைப் பார்த்தாள். நான் எழுந்து நின்றேன். "எம் பொண்ணு நாய்க்குக்கூட கலப்படமா ஒண்ணும் குடுத்ததில்லீங்க. உங்களுக்குக் கடை பஜ்ஜியக் குடுத்துப் பொய் சொன்னது நான்தான். அவ தொழில வுட மாட்டா, நீங்க போய்ட்டு வாங்க" என்றேன். அவர்கள் போனதும் அமலா ஒரு டம்ளர் மோர் கொண்டுவந்து வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆகவே நிச்சயத்துக்கென்று எடுத்த பட்டுப் புடவையை நீ வேறு விசேஷத்துக்குக் கட்டிக்கொள். அந்த வீட்டுப் பேச்சை இனி எடுக்காதே. உயிரே போனாலும் அவர்கள் வாசலில் நான் போய் நிற்க மாட்டேன். மாமா வெந்நீர் குடிக்கட்டும். மாதா உங்கள் இருவரையும் காப்பாளாக.

இப்படிக்கு,
சொன்ன சொல் மாறாத உன் தம்பி,
ராயப்பன்

பி.கு.: உறையை ஒட்டப் போனேன், அந்த அம்மாவே போன் செய்தார். "அந்த டின்னுல மிச்சம் எதுனா கீதாங்க? எங்க வூட்டு நாய் கேட்டுக்கினே கீது. பொண்ணு இங்க வந்தும் அதே தொழில பண்ணட்டும், நிச்சயத்துக்கு நாள் பாருங்க" என்றார். அமலாவைக் கேட்டேன், வெட்கப்படுகிறாள். நாளைக் காலை முதல் பஸ்ஸிலேயே நானே இரண்டு டின் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். நீ அந்தப் பட்டுப் புடவையைக் கட்டிவிடாதே. ஒரே ஒரு சந்தேகம். போன மாதம் நீயும் நானும் கொல்லை வரைக்கும் சுற்றிப் பார்த்த வீடுதானே அக்கா, அங்கே ஏது நாய்?